மூன்றெழுத்துக்கு எத்தனை முகம்?

 

இந்த இதழில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மூன்றே மூன்று எழுத்து. சி.ஆர்.எம். இதில் பேச என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த மூன்றெழுத்து எங்கள் கோலா சாவாவில் ஒரு தாயின் வாழ்நாள் சேமிப்பையே வாரிக்கொண்டு போகப் பார்த்தது. மயிரிழையில் தப்பினார்.

அவரை ஊரில் எல்லோரும் பெரியம்மா என்றுதான் அழைப்போம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு ஓடிய கால்கள் இப்போது ஓய்ந்துவிட்டன. கணவர் இல்லை. மகள் ஜொகூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பெரியம்மாவுக்குச் சொத்து என்று இருப்பது வங்கிக் கணக்கு ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை மாலை. வாசலில் செருப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் உள்ளே வந்தார். கையில் கைப்பேசி.

“வாத்தியார் தம்பி, கண்ணு சரியாத் தெரியலப்பா. இதுல ஒரு நம்பர் வந்திருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்லு. அந்தப் பையன் லைன்லயே காத்துக்கிட்டு இருக்கான்.”

“எந்தப் பையன், பெரியம்மா?”

“சி.ஆர்.எம்.லேருந்து பேசுறாம்ப்பா. நல்லாத் தமிழ் பேசுறான். என் பேரு, ஐ.சி. நம்பர் எல்லாம் அவனே சொல்றான். சி.ஆர்.எம்.ல என் கணக்கு சிக்கிக்கிச்சாம். இந்த ஆறு நம்பரச் சொன்னா எடுத்து விட்டுடுவானாம்.”

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். ஆறு இலக்க எண். அதற்குக் கீழேயே, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மலாய்மொழியில் எச்சரிக்கை. நான் ஒன்றும் பேசவில்லை. தொடர்பைத் துண்டித்தேன். அவருடைய வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சடித்திருந்த எண்ணுக்கு அழைத்து, அட்டையையும் கணக்கையும் உடனே முடக்கச் சொன்னோம். பணம் தப்பியது.

மூச்சு வாங்க உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு கேட்டேன்.

“ஏன் பெரியம்மா நம்பினீங்க?”

“நம்பாம என்ன செய்றது? புதன்கிழமைதான் சிரம்பான்ல பேங்க்குக்குப் போனேன். மகளுக்கு நானூறு வெள்ளி போடணும்னேன். அங்க நின்ன காவலாளி, கவுண்டர்ல நிக்காதீங்க, சி.ஆர்.எம்.ல போடுங்கன்னு சொன்னாரு. போட்டேன். இப்ப அதே சி.ஆர்.எம்.லேருந்து பேசுறேன்னு சொன்னா, என் பணந்தான் அங்க மாட்டிக்கிச்சுன்னு நெனைக்க மாட்டேனா?”

நியாயமான கேள்விதானே? படிக்காதவர், ஏமாந்தவர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். ஆனால் பெரியம்மா நினைத்ததில் தவறு என்ன? மூன்று நாளுக்கு முன் கேட்ட அதே மூன்றெழுத்து, அதே ஒலி. இரண்டும் ஒன்றென்று நினைத்தார். அவ்வளவுதான்.

“அப்ப சி.ஆர்.எம்.னா என்னதான் தம்பி?” என்று கேட்டார்.

“பணம் போடுற மிஷின், பெரியம்மா” என்றேன்.

“அப்ப அந்தப் பையன் மிஷினுக்குள்ளேருந்தா பேசினான்?”

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம், அவன் சொன்ன சி.ஆர்.எம். எது என்று எனக்கே தெரியவில்லை! ஊருக்கெல்லாம் கடிதம் படித்துச் சொல்லும் வாத்தியாருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொருள்தான்.

என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் இன்று பல இடங்களில் வேலை செய்கிறார்கள். அடுத்த சில நாள்களில் நால்வரிடம் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டேன். நால்வரும் நான்கு பதில் சொன்னார்கள். நால்வர் சொன்னதும் சரி! அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வங்கிக்காரர் சொன்னது

முதலாமவர் வங்கியில் இருக்கிறார். அவருக்கு சி.ஆர்.எம். என்றால் கேஷ் ரீசைக்ளர் மெஷின். பணத்தைச் சுழல விடும் இயந்திரம் என்று சொல்லலாம்.

முன்பு வங்கி வாசலில் இரண்டு வகை இயந்திரங்கள் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஏ.டி.எம். பணத்தைக் கொடுக்கும், வாங்காது. சி.டி.எம். பணத்தை வாங்கும், கொடுக்காது. ஒன்றில் பணம் தீர்ந்துபோகும். மற்றொன்றில் பணம் நிரம்பி வழியும். வங்கி ஆட்கள் வந்து ஒன்றை நிரப்பி, இன்னொன்றைக் காலி செய்ய வேண்டும். சி.ஆர்.எம். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிறது. பெரியம்மா போட்ட நோட்டை எண்ணி, நல்ல நோட்டுத்தானா என்று சோதித்து, உள்ளே அடுக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்து வருகிறவர் பணம் கேட்டால் அதே நோட்டை எடுத்துக் கொடுக்கிறது. அது வெறும் இயந்திரம். யாரையும் தொலைபேசியில் கூப்பிடாது.

அலுவலகக்காரர் சொன்னது

இரண்டாமவர் நீலாயில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறார். “சார், சி.ஆர்.எம். என்றால் கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மெண்ட். காலையில் போனதும் நான் திறப்பதே அதைத்தான்” என்றார். வாடிக்கையாளர்களைப் பற்றிய விவரங்களை எல்லாம் ஓரிடத்தில் பதிந்து வைக்கும் கணினி ஏற்பாடு அது.

இது ஏதோ புதுமை என்று மலைக்காதீர்கள். நம் தோட்டத்து மளிகைக் கடையில் 555 என்று அட்டையில் போட்ட சின்னப் புத்தகம் நினைவிருக்கிறதா? “முதலாளி, கணக்குல எழுதிக்குங்க” என்று சொல்லி அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி வந்த காலம்! அந்தப் புத்தகத்தில் யார் வீட்டுக்கு எவ்வளவு கடன், சம்பளம் எந்தத் தேதி, போன மாதம் எவ்வளவு பாக்கி என்று எல்லாம் இருக்கும். எழுதாத விவரங்கள் முதலாளியின் மனத்தில் இருக்கும். யார் வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டில் கல்யாணம், யார் கேட்டால் கொடுக்கலாம், யாரிடம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. அந்த 555 புத்தகம் வளர்ந்து, படித்து, பட்டணம் போய், கணினிக்குள் குடியேறிவிட்டது. அதற்குப் பெயர்தான் சி.ஆர்.எம்.

இந்தத் தொழிலில் பெரிய பெரிய நிறுவனங்கள் உண்டாயின. அமெரிக்காவில் டாம் சீபல் என்பவர் 1993இல் தொடங்கிய சீபல் சிஸ்டம்ஸ் இதில் முன்னோடி. 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் அதைத் தாண்டி வளர்ந்தது. 2004இல் அந்நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது தனக்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட எழுத்துகள் எவை தெரியுமா? இதே சி.ஆர்.எம்.தான்! ஆகவே பங்குச் சந்தைக்காரரைக் கேட்டால், அது ஒரு கம்பெனியின் பெயர் என்று சொல்வார்.

ஆனால் கடைக்காரரின் புத்தகத்துக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை இருக்கிறது. 555 புத்தகம் கடையின் மேசை இழுப்பறையை விட்டு வெளியே போகாது. கணினியில் ஏறிய நம் பெயர், ஐ.சி. எண், தொலைபேசி எண் எல்லாம் கசிந்து எங்கெங்கோ போகலாம். முகம் தெரியாதவன் நம் பெயரைச் சொல்லி அழைப்பதால் மட்டும் அவன் நம்மவன் ஆகிவிட மாட்டான். பெரியம்மாவிடம் பேசியவன் பெயரும் ஐ.சி. எண்ணும் சொன்னானே, அதை வைத்துத்தான் அவர் நம்பிக்கையைப் பிடித்தான்.

இதற்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 நவம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. வியாபாரத்துக்காக நம் விவரங்களை வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்திடம், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம். விளம்பரத்துக்காக அதைப் பயன்படுத்தாதே என்று எழுத்து மூலம் சொல்லலாம். அது நம் உரிமை.

விமான நிலையத்துக்காரர் சொன்னது

மூன்றாமவர் சிப்பாங் விமான நிலையத்தில் வேலை செய்கிறார். அவர் சொன்ன கதைதான் என்னை உலுக்கியது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1977ஆம் ஆண்டு மார்ச் 27. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த தெனெரிஃப் தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்களை இந்தத் தீவின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். மூடுபனி கவிந்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ 747 விமானங்கள். ஒன்று டச்சு நாட்டு கே.எல்.எம். மற்றது அமெரிக்காவின் பான் அமெரிக்கன். பான் அமெரிக்கன் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியும் முறையாகக் கிடைக்கவில்லை. கே.எல்.எம். தலைமை விமானி புறப்பட்டுவிட்டார்.

அவர் சாதாரண ஆள் அல்லர். அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரியவர். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளருக்கு ஒரு சந்தேகம். மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டும் பார்த்தார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொல்லிவிட்டார். அதற்குமேல் வற்புறுத்தப் பொறியாளருக்கு வாய் வரவில்லை. சில விநாடிகளில் இரண்டும் மோதின. மாண்டவர்கள் 583 பேர். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதைவிட அதிக உயிரைப் பலிகொண்ட விபத்து இல்லை.

மறு ஆண்டு, 1978 டிசம்பரில், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கு அருகே யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று விழுந்தது. காரணம் என்ன? எண்ணெய் தீர்ந்துபோயிற்று! தலைமை விமானியின் கவனமெல்லாம் சக்கரக் கோளாற்றில் இருந்தது. எண்ணெய் குறைந்துகொண்டே வருவது உடனிருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர் காதில் ஏறும்படி அழுத்திச் சொல்லவில்லை. பத்து உயிர்கள் போயின.

இயந்திரக் கோளாறு மட்டும் ஆளைக் கொல்வதில்லை, பெரியவரிடம் கேட்கக் கூசும் கூச்சமும் கொல்கிறது என்று அப்போதுதான் உலகம் உணர்ந்தது. 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதைப் பற்றி ஆராய வல்லுநர்களைக் கூட்டியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு இதற்கென்றே பயிற்சி தொடங்கியது. அதன் பெயர்தான் சி.ஆர்.எம்.

இதிலும் ஒரு வேடிக்கை. முதலில் சி என்றால் காக்பிட், அதாவது விமானி அறை. பிறகு, விமானி அறைக்கு வெளியே இருக்கும் பணிப்பெண்களும் மற்றவர்களும் சேர்ந்தால்தான் விமானம் பிழைக்கும் என்று தெளிந்து, சி என்றால் குரூ, அதாவது பணிக்குழு என்று மாற்றினார்கள். எழுத்து அதேதான், உள்ளே இருக்கும் பொருள் விரிந்துவிட்டது.

அந்தப் பயிற்சி சொல்வது இரண்டே பாடம். சின்னவருக்கு: சந்தேகம் இருந்தால் கேள், பதில் சரியில்லை என்றால் மறுபடியும் கேள். பெரியவருக்கு: கேட்டவனைக் கடிந்து பேசாதே, காது கொடு.

பலன் கிடைத்ததா? 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் நிறுவனத்தின் இன்னொரு விமானம் நடுவானில் பறந்துகொண்டிருந்தது. வால்பகுதி எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துப்போயின. அப்படி ஒரு விமானத்தைத் தரைக்குக் கொண்டுவர முடியும் என்று யாரும் நினைத்ததில்லை. தலைமை விமானி ஏல் ஹேன்ஸ் தமக்கு எல்லாம் தெரியும் என்று இருக்கவில்லை. உடனிருந்தவர்களின் யோசனையைக் கேட்டார். பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானி உதவ முன்வந்தபோது, அவரையும் அழைத்து வேலை கொடுத்தார். மீதி இருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையத்தில் தரையைத் தொட்டார்கள். விமானம் உடைந்தது, தீப்பிடித்தது. இருந்தாலும் 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சிதான் தங்களுக்குக் கைகொடுத்தது என்று ஹேன்ஸ் பின்னாளில் சொல்லி வந்தார்.

வாசகர்களே, இதைக் கேட்டதும் எனக்கு நம் தோட்டத்துப் பெரட்டுக்களம்தான் கண்முன் வந்தது. துரை பேசினால் தலையாட்டு. கிராணி சொன்னால் கைரேகை வை. மண்டோரிடம் எதிர்க்கேள்வி கேட்காதே. இப்படியே மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டோம். புரியாவிட்டாலும் புரிந்ததுபோல் தலையாட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பெரியம்மாவிடம் பேசிய அந்தப் பயல் நம்பியிருந்தது அந்தத் தலையாட்டலைத்தான்.

ஆய்வுக்கூடத்துக்காரர் சொன்னது

நான்காமவர் செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். அவருக்கு சி.ஆர்.எம். என்றால் சர்டிஃபைட் ரெஃபரன்ஸ் மெட்டீரியல். இதை விளக்க நமக்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. படிக்கல்!

தராசு சரியாக நிறுக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம்? எடை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்ப்போம். ஆய்வுக்கூடத்திலும் அப்படியே. இன்ன பொருளில் இன்ன அளவு இருக்கிறது என்று சான்றிதழோடு வரும் மாதிரிப் பொருளைக் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். கருவி அதே அளவைக் காட்டினால், அதன் பேச்சை நம்பலாம்.

ரப்பர் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கொட்டகையில் பாலை ஊற்றியதும் கிராணி டி.ஆர்.சி. பார்ப்பாரே, அதுதான் பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் அளவு. நூறு பங்கு பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்த அளவு ஒரு பங்கு குறைந்தாலும் நம் சம்பளத்தில் அடி விழும். அளக்கும் கருவி சரிதானா என்று கேட்க நம்மில் எத்தனை பேருக்குத் துணிவு இருந்தது? இதற்கிடையே, டி.ஆர்.சி. என்று உலகப் படத்தில் தேடினால் ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசு வந்து நிற்கும். அதையும் சொல்லி வைக்கிறேன்!

ஐந்தாவது முகம்

நால்வர் சொன்னது போதாதென்று நானே தேடிப் படித்ததில் ஐந்தாவது ஒன்றும் கிடைத்தது. தொல்பொருள் ஆராய்ச்சிக்காரர்கள், பழைமைச் சின்னங்களைக் காத்துப் பேணும் பணியையும் சி.ஆர்.எம். என்கிறார்கள். கல்ச்சுரல் ரிசோர்ஸ் மேனேஜ்மெண்ட்.

எங்கள் பக்கத்தில் லிங்கி போகும் வழியில் பெங்காலான் கெம்பாஸ் இருக்கிறது. வாள், கரண்டி, சுக்கான் என்று மலாய்க்காரர்கள் பெயர் வைத்த நெட்டுக்கற்கள் அங்கே நிற்கின்றன. 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் உண்டு. அவற்றை வேலி போட்டுக் காத்து வருகிறார்கள். ஆனால் கெடாவில், நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த மண்ணில், பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சம், 2013இல் வீட்டு மனைக்காக இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியே வந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகும் காலம் இது. நம் தோட்டத்துக் கோயில், பழைய பள்ளிக்கூடம், இடுகாடு இவற்றைப் பற்றிக் கடிதம் வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படிக்க வேண்டியது நம் கடமை. படித்த பிறகு கேட்க வேண்டியதும் நம் கடமைதான்.

ஒரு பொருளுக்கு இரண்டு பெயர்

இதுவரை ஒரே எழுத்துக்குப் பல பொருள் பார்த்தோம். இன்னும் வேண்டுமா? எம்.சி. என்பதைப் பெரட்டில் நீட்டினால் நோய் விடுப்பு. கல்யாண மண்டபத்தில் எம்.சி. என்றால் ஒலிபெருக்கியைப் பிடித்து நிகழ்ச்சியை நடத்துபவர். ஏ.டி.எம். என்றால் வங்கி இயந்திரம். மலாய் நாளிதழில் ஏ.டி.எம். என்றால் அங்காத்தான் தெந்தெரா மலேசியா, அதாவது நம் நாட்டு இராணுவம்!

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஒரே பொருளுக்கு இரண்டு சுருக்கப் பெயர். 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியை நாம் ஆங்கிலத்தில் இ.பி.எஃப். என்போம். கடிதத்தில் வருவது மலாய்ப் பெயரின் சுருக்கமான கே.டபிள்யூ.எஸ்.பி. இரண்டும் ஒன்றே. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 1971இல் தொடங்கிய சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை நம் மக்கள் சொக்சோ என்பார்கள். உறையின்மேல் இருப்பது பெர்கேசோ. இதுவும் ஒன்றே.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், குடும்பத் தலைவர் இறந்த பிறகு பெர்கேசோ என்று போட்ட கடிதம் ஒன்று வந்தது. ஏதோ அரசாங்க விளம்பரம் என்று நினைத்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார்கள். “சொக்சோவிலிருந்து ஒன்றும் வரவில்லையே” என்று நாலு மாதம் ஏங்கிக் காத்திருந்தார் அந்த மனைவி. தேடிய கடிதம் தினமும் கற்பூரம் காட்டிய படத்துக்குப் பின்னாலேயே இருந்தது! விடுபட்ட ஒரு சான்றிதழைக் கேட்டு வந்த கடிதம் அது. கொண்டு போய்க் கொடுத்த பிறகுதான் மாதாமாதத் தொகைக்கு வழி பிறந்தது. யாரைக் குறை சொல்வது? பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது நம் குறைதான்.

என்ன செய்யலாம்?

எல்லாச் சுருக்கெழுத்தையும் மனப்பாடம் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம். மூன்று கேள்வி கேட்டால் போதும்.

முதல் கேள்வி: “இதன் முழுப் பெயர் என்ன?” சொன்னவருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டாவது: “இதைச் சொல்பவர் எந்த இடத்துக்காரர்?” வங்கிக்காரர் வாயில் ஒரு பொருள். விமானக்காரர் வாயில் வேறு பொருள். மருமகள் என்ற சொல்லை யார் சொல்கிறார் என்று தெரிந்தால்தானே எந்த வீட்டு மருமகள் என்று புரியும்? அதுபோலத்தான்.

மூன்றாவது: “என்னிடம் என்ன கேட்கிறார்?” பணம், கையெழுத்து, ரகசிய எண் இம்மூன்றில் ஒன்றைக் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். அழைப்பைத் துண்டியுங்கள். வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மோசடிப் புகாருக்கென்றே 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மையம் அது. வெட்கப்பட்டு மறைத்தால் திருடனுக்குத்தான் இலாபம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அம்மாவோ பாட்டியோ கடிதத்தைக் காட்டிக் கேட்டால், “இதுகூடத் தெரியாதா?” என்று முகம் சுளிக்காதீர்கள். இன்று சுளித்தால் நாளை அவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்காமல் தலையாட்டிவிட்டு வருவார்கள். அதன் விலை என்ன என்று மேலே பார்த்தோம்.

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பெரியம்மா இப்போது யாரையும் விடுவதில்லை. யார் எந்தச் சுருக்கெழுத்தைச் சொன்னாலும், “முழுப் பேரச் சொல்லுப்பா” என்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளை கொண்டுவந்த பள்ளிக்கூட அறிவிப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தம்பி, இதுல பி.ஐ.பி.ஜி. கூட்டம்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னப்பா?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த அறிவிப்பை எழுதியவன் நானேதான். இத்தனை ஆண்டுகளாக அப்படியேதான் எழுதி அனுப்பி வருகிறேன். யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் புரிகிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த அறிவிப்பில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்று முழுதாக எழுதினேன்.

உங்கள் சம்பளச் சீட்டிலோ, வீட்டுக்கு வரும் கடிதத்திலோ புரியாத சுருக்கெழுத்து இருந்தால் எனக்கு எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாவிட்டால் கேட்டுச் சொல்கிறேன். கேட்பதில் இனி எனக்கும் கூச்சமில்லை.